வாடியும் முகாமும் பூங்காவும்

பருத்தித்துறையிலிருந்து கடலோரமாகத் தென்கிழக்கு நோக்கிச் செல்பவரின் கண்முன் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வேறொரு முகம் விரிகிறது. செம்மண் தோட்டங்களும் வேலியடைத்த வளவுகளும் பின்தங்கிவிடுகின்றன. இடப்புறம் வங்கக் கடல், வலப்புறம் கடல்நீரேரி, இவ்விரண்டுக்கும் நடுவே ஒடுங்கி நீளும் மணற்பரப்பு. வல்லிபுரம், மணற்காடு, குடத்தனை, நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சுண்டிக்குளத்தில் முடிகின்றன. மணற்காட்டில் குன்றுகளாய்க் குவிந்த மணலும், அதனைக் கட்டிவைக்க நட்ட சவுக்குத் தோப்பும், மணலிற் புதையுண்ட பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களும் காண்போர் மனத்தை ஈர்க்கும்.

இத்தகைய கடற்கரையிலே கூடாரம் அடித்து ஓரிரு இரவு தங்கிவருவது இக்காலத்தில் உலகெங்கும் ஓர் ஓய்வுநேர இன்பமாகிவிட்டது. அரசாங்கங்கள் அதற்கெனப் பூங்காக்களை ஒதுக்குகின்றன; கட்டணம் அறவிட்டு அனுமதிச் சீட்டு வழங்குகின்றன. நகரத்து நெருக்கடியில் வாடும் மனிதன் கடற்காற்றையும் விண்மீன்களையும் நாடுவதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் நமது குடாநாட்டுக் கரையில் இரவு தங்கும் வழக்கம் உல்லாசப் பிரயாணியோடு தொடங்கியதன்று. அதற்கு நெடியதொரு வரலாறு உண்டு. கிடுகுக் குடிலிலும் மரநிழலிலும் படுத்தெழுந்த உழைப்பாளரின் வரலாறு அது. அவர்கள் எந்த உரிமையில் அங்கு தங்கினார்கள், அவ்வுரிமை எவ்வாறு அவர்களின் கையை விட்டு நழுவியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

மீனவன் காற்றைக் கொண்டே ஆண்டைக் கணக்கிடுகிறான். சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்னும் பெயர்கள் அவனுக்குத் திசைகளை மட்டுமன்றித் தொழிலையும் பசியையும் குறிப்பன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கரையின் கடல் அடங்கிக் கிடக்கும். அப்பொழுது அங்கே கரைவலை இழுக்கலாம். வடகீழ்ப் பருவக்காற்று எழுந்ததும் அலைகள் கரையை அறையத் தொடங்கும். வலையைச் சுருட்டிக்கொண்டு வேறு கடலைத் தேட வேண்டும். எனவே கடற்றொழிலாளி ஓரிடத்தில் வீடும் மற்றோரிடத்தில் தொழிலுமாக வாழ நேர்ந்தது. குடாநாட்டின் வடகரையிலிருந்து முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் பருவந்தோறும் மீனவர் சென்றனர். தென்னிலங்கையின் மேற்குக் கரையிலிருந்தும் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய ஊர்களின் மீனவர் கொக்கிளாய், முல்லைத்தீவுக் கரைகளுக்கு வந்தனர். காற்று மாறியதும் மனிதர் இடம் மாறினர்.

இவ்வாறு வந்தோர் கரையில் அமைத்த தங்குமிடமே வாடி. காட்டுத் தடிகளை நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ வேய்ந்து, கடற்புறத்தைத் திறந்துவிட்டால் வாடி உருவாகிவிடும். வலையும் கயிறும் அதற்குள்ளேதான்; சமையலும் உறக்கமும் அதற்குள்ளேதான். வெளியே மணலிற் பரப்பிய சூடையும் நெத்தலியும் கருவாடாகக் காயும். குடிநீருக்கு அவர்கள் தொலைதூரம் செல்வதில்லை. மணற்குன்றின் அடிவாரத்தில் சில முழம் தோண்டினால் நன்னீர் ஊறும். மாரிமழை மணலுக்குள் இறங்கி, உவர்நீரைவிட இலேசானதாகையால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. அளவோடு மொண்டால் அது இனிக்கும். பேராசையோடு இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். இதனை அறிய வாடி மக்களுக்குப் பாடநூல் தேவைப்படவில்லை. பருவம் முடிந்ததும் தடிகளைப் பிடுங்கிக்கொண்டு அவர்கள் புறப்படுவர். அடுத்த காற்றுக்குள் மணல் அவர்களின் அடுப்புக் குழியையும் மூடிவிடும்.

வாடி வாழ்க்கையை இனியதொரு ஓவியமாகத் தீட்டுவோரும் உளர். உண்மை அத்துணை இனியதன்று. கரைவலையும் தோணியும் சம்மாட்டிக்குச் சொந்தம். வலையிழுக்கும் இருபது முப்பது பேருக்குச் சொந்தமானவை அவர்களின் கைகள் மட்டுமே. பிடிபட்ட மீனில் பெரும்பங்கை முதலாளி எடுத்துக்கொள்ள, எஞ்சியதே தொழிலாளரிடையே பிரிக்கப்பட்டது. மாரி காலத்தில் அடுப்பெரிக்க வாங்கிய முற்பணம் அடுத்த பருவத்தின் உழைப்பை முன்கூட்டியே விழுங்கிவிட்டது. எந்தப் பாட்டில் எவர் வலை வளைப்பது என்பதும் வழக்கத்தாலும் வலிமையாலும் தீர்மானிக்கப்பட்டது. உள்ளூர்ச் சமூகத்திலோ, வேளாண் நிலத்தை அடிப்படையாகக் கொண்ட சாதியமைப்பு கடலை நம்பி வாழ்ந்தோரைத் தாழ்த்தியே நோக்கியது. அவர்கள் பிடித்த மீன் சந்தைக்கு வந்தது. அவர்கள் வரலாறு ஏட்டுக்கு வரவில்லை.

இத்தனை குறைகளுக்கிடையேயும் வாடியில் மறுக்க முடியாத ஒரு நியதி இருந்தது. தொழில் செய்பவன் கரையில் தங்கலாம் என்பதே அது. அதற்கு உறுதி எழுத வேண்டியதில்லை; எவரிடமும் சீட்டுப் பெற வேண்டியதில்லை. உழைப்பே அவனுடைய அனுமதிச் சீட்டு.

*

உழைப்பைப் போலவே வழிபாடும் மக்களுக்குக் கரையில் தங்கும் உரிமையை வழங்கியது. வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கடல் தீர்த்தத்தன்று மணல்வெளி முழுவதும் மனிதக் கடலாகும். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் புறப்படும் பாதயாத்திரை இதனினும் பெரியது. அடியார்கள் ஏறத்தாழ ஒன்றரை மாதம் நடக்கின்றனர். முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் எனக் கிழக்குக் கரையைப் பற்றிக்கொண்டே உகந்தையை அடைகின்றனர். அங்கிருந்து குமண, யால வனங்களை ஊடறுத்துச் செல்லும் வழியில் ஆற்றங்கரையிலும் மரத்தடியிலும் படுத்தெழுகின்றனர். போர் இவ்வழியைப் பல ஆண்டுகள் அடைத்திருந்தது. போரின் பின் யாத்திரை மீண்டும் நடைபெறுகிறது.

மேற்கே பாக்கு நீரிணையில் கச்சதீவு உண்டு. 285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவில் குடியிருப்பு இல்லை, குடிநீரும் இல்லை. ஆயினும் அந்தோனியார் திருவிழாவுக்காக ஆண்டுக்கொருமுறை யாழ்ப்பாணத்திலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் மக்கள் படகேறி வந்து, தண்ணீரையும் உணவையும் சுமந்துவந்து, ஓரிரவு அம்மணலில் தங்கிச் செல்கின்றனர். 1974ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் எல்லை வகுத்தபோது, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே, பிரயாணப் பத்திரமின்றி, கச்சதீவுக்கு வந்துசெல்லலாம் என உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு கூறியது. அதன் பொருள் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. எனினும் இரண்டு அரசுகள் கடலைப் பங்கிட்டுக்கொண்ட வேளையிலும் சாதாரண மக்களின் வழக்கத்தைப் புறக்கணிக்க முடியவில்லை என்பதற்கு அது சான்றாகும்.

*

இனி அரசு இக்கரைக்கு எவ்வாறு வந்தது என்பதைப் பார்ப்போம்.

ஒல்லாந்தர் காலத்தில் அது காவற்காரனாக வந்தது. குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடைப்பட்ட வழிகளைக் கண்காணிக்க ஆனையிறவிலிருந்து வெற்றிலைக்கேணிப் பக்கம்வரை சிறு கோட்டைகளை அவர்கள் எழுப்பினர். யார் வருகிறார், எதைக் கொண்டு செல்கிறார் என்று கேட்கும் வழக்கம் அந்த மணலில் அன்றே வேரூன்றியது.

ஆங்கிலேயர் காலத்தில் அரசு நிலச்சொந்தக்காரனாக வந்தது. காடும் தரிசும், குடியேறாத, பயிரிடாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவே என்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கருதியது. தோட்ட முதலாளிகளுக்கு மலைநாட்டு நிலங்கள் கைமாற இச்சட்டம் எவ்வாறு வழிவகுத்தது என்பது வரலாறு அறிந்ததே. உறுதி காட்ட இயலாதவன் நிலமற்றவன் என்ற அதன் தருக்கம் மலைநாட்டோடு நிற்கவில்லை. கரைமணலுக்கு உறுதி முடித்தவர் எவர்? ஆறு மாதம் தங்கி ஆறு மாதம் வெறுமையாக விட்டுச்செல்லும் வாடிக்கு எந்த நொத்தாரிசு உறுதி எழுதுவார்? வழக்கத்தால் வாழ்ந்தவன் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவனானான்.

அதே அரசு, தனக்கு இலாபம் தருமிடத்தில், கடற்கரைக் குடில்களை எத்துணை ஆர்வத்தோடு அமைத்தது என்பதற்கு மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பு எடுத்துக்காட்டு. அக்கரையும் அன்று யாழ்ப்பாணத்திலிருந்து ஆளப்பட்ட வடமாகாணத்தின் ஒரு பகுதியே. மாரிச்சுக்கட்டியின் வெற்று மணலில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழுந்தது. தடியும் கிடுகும் கொண்டு தெருக்கள் அமைந்தன. பொலிசும் நீதிமன்றமும் வைத்தியசாலையும் வந்தன. தமிழகத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் முக்குளிப்போரும் வணிகரும் ஆயிரமாயிரமாய்க் குவிந்தனர். 1905ஆம் ஆண்டு எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருமானம் கிடைத்தது. சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. உயிரைப் பணயம் வைத்து மூச்சடக்கி மூழ்கியவனுக்கு ஒரு பங்கு. யாழ்ப்பாணக் கச்சேரியில் பணிபுரிந்த இளம் அதிகாரி லெனாட் வூல்ஃப் 1906இல் அம்முகாமுக்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தைக் கடிந்து எழுதிய அவர், அங்கே அதன் கணக்குப் புத்தகத்தை நேரிற் கண்டார் என்றே சொல்ல வேண்டும். அவ்வாண்டிலேயே முத்துப்படுகைகள் ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பிகள் கிடைக்கவில்லை, கம்பனி குலைந்தது, அந்த நகரமும் மணலோடு மணலானது. கடலின் வளத்தை முற்றாக வழித்தெடுத்தபின் சொந்தக்காரன் போய்விடுவான். கரையில் எஞ்சுவது ஏழை மீனவனே.

*

சுதந்திரத்தின் பின் சில நல்ல மாற்றங்கள் நிகழ்ந்தன. ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் கடனுதவியோடு மீனவர் கைக்கு வந்தன. மயிலிட்டி போன்ற துறைகள் எழுச்சியுற்றன. சம்மாட்டியின் பிடியிலிருந்து பலர் விடுபட்டனர். புதிய சம்மாட்டிகளும் தோன்றினர். 1983க்கு முன் நாட்டின் மீன் உற்பத்தியில் யாழ்ப்பாண மாவட்டம் முன்னணியில் நின்றது. அதற்கிடையே 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல், தனுஷ்கோடியை அழித்த அதே புயல், வடகரை மீனவரையும் வாட்டிச் சென்றது.

பின்னர் போர் வந்தது. அத்தோடு கரையில் தங்குவதற்கு ஒரு புதிய சொல்லும் வந்தது: முகாம். இச்சொல் ஒரே மணலில் இரு வேறு பொருள்களைத் தாங்கியது. ஒன்று படையினரின் முகாம். மற்றது அகதிகளின் முகாம். முன்னது கரைக்கு வந்தபடியால் பின்னது உள்நாட்டில் முளைத்தது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். காங்கேசன்துறையும் மயிலிட்டியும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கின. கடலை முற்றமாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் மல்லாகம் போன்ற உள்ளூர்களில் தகரக் கொட்டில்களிலும் ஓலைக் குடிசைகளிலும் அடைந்தனர். வாடியிலும் ஓலைதான், அகதி முகாமிலும் ஓலைதான். வாடியில் தங்கியவன் காற்று மாறினால் வீடு திரும்புவான். இவர்களுக்கு எந்தக் காற்று மாறினால் வீடு என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டபோது 27 ஆண்டுகள் கழிந்திருந்தன. முகாமிற் பிறந்த குழந்தை வலை பின்னக் கற்காமலே முழு மனிதனாகியிருந்தது.

வடமராட்சி கிழக்கும் போரின் நடுவே அகப்பட்டு மீண்டும் மீண்டும் வெறுமையானது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையின் ஊர்களைத் துடைத்தெறிந்தது. அதன்பின் கடலிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என அரசு அறிவித்தது. உயிரைக் காக்கும் நோக்கம் நன்றே. ஆனால் உல்லாச விடுதிகளுக்குத் தளர்வும் மீனவர் குடிசைகளுக்கு இறுக்கமுமா என்ற கேள்வி அன்றே நாடெங்கும் எழுந்தது. அலைக்கு விடுதி வேறு, குடிசை வேறு என்ற பேதம் தெரியாது. பின்னர் அந்த எல்லைகள் தளர்த்தப்பட்டன. கேள்வி மட்டும் தளரவில்லை.

2009இல் போர் முடிந்தது. உல்லாசப் பிரயாணிகள் வடக்கு நோக்கி வரலாயினர். காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் தல்செவன என்னும் விடுதியை நடத்தியது. அதே வலயத்தின் நிலச்சொந்தக்காரர் பலர் அப்போதும் நலன்புரி நிலையங்களிலே காத்திருந்தனர். ஊர்காவற்றுறையின் எதிரே நீர்நடுவே நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டை, 1971இன் கிளர்ச்சியின் பின் ரோகண விஜேவீர சிறைவைக்கப்பட்ட இடம், கடற்படையின் விடுதியாயிற்று. பாதுகாப்புக்காக மூடிய கரை பணம் கொடுத்தவனுக்குத் திறந்தது, பிறந்தவனுக்குத் திறக்கவில்லை. இதில் உள்ள நியாயத்தை எந்த நீதிநூலில் தேடுவது?

*

சுண்டிக்குளத்தின் கதை இதனினும் நுட்பமானது. எனவே நிதானமாக நோக்க வேண்டும்.

1938ஆம் ஆண்டு, யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களான அதே ஆண்டில், சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பருவந்தோறும் வந்திறங்கும் பூநாரைகளும் நீர்ப்பறவைகளும் அதற்குத் தகுதி வாய்ந்தவையே. 2015 ஜூனில் அது விரிவாக்கப்பட்டு ஏறத்தாழ 19,500 ஹெக்டேர் பரப்புள்ள தேசியப் பூங்காவாயிற்று. நெடுந்தீவின் ஒரு பகுதியும் அப்போதே அவ்வாறாயிற்று.

சரணாலயம் என்பதற்கும் தேசியப் பூங்கா என்பதற்கும் பெயரளவில் மட்டும் வேறுபாடு என எண்ணலாகாது. சரணாலயத்தில் மக்கள் நடமாடலாம். தனியார் நிலமும் அதற்குள் இருக்கலாம். விலங்கையும் பறவையையும் துன்புறுத்தலாகாது என்பதே பிரதான கட்டுப்பாடு. தேசியப் பூங்காவிலோ அனுமதிச் சீட்டில்லாமல் எவரும் நுழையலாகாது. அதுவும் இயற்கையைக் கண்டு களிக்கவும் ஆராயவுமே நுழையலாம். பறவையைப் பார்க்கச் சீட்டு உண்டு. வலை வீசச் சீட்டு இல்லை. ஆகவே தலைமுறை தலைமுறையாக அந்நீரேரியில் இறால் பிடித்தவனும், அதன் ஓரத்தில் வாடி போட்டவனும் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் அத்துமீறியவர்கள் ஆகிவிடுகின்றனர். நாளை அதே கரையில் கட்டணக் கூடாரம் அடிக்கப்படுமாயின் அதில் தங்குபவர் விருந்தினராவார், வாடிக்காரன் குற்றவாளியாவான். இருவரும் செய்வது ஒன்றே: கடலோரத்தில் இரவைக் கழித்தல்.

பூங்காவே வேண்டாம் என்பது நமது வாதமன்று. மணற்குன்றுகள் லொறி லொறியாக அள்ளப்படுவதைக் கண்டவர் அவ்வாறு கூறமாட்டார். குன்று போனால் அதன் அடியிலுள்ள நன்னீர் போகும். நன்னீர் போனால் ஊர் போகும். பொதுப் பூங்கா என்னும் எண்ணமும் உயர்ந்ததே. அமெரிக்காவில் 1930களின் பொருளாதார மந்தத்தின்போது, வேலையற்ற இளைஞர் இலட்சக்கணக்கானோரைக் கொண்டு பூங்காக்களில் பாதைகளும் தங்குதளங்களும் அமைக்கப்பட்டன. தொழிலாளியின் குடும்பமும் சிறு செலவில் இயற்கையின் மடியில் ஓரிரவு தங்க அவை உதவின. அந்நாட்டின் வரலாற்றிலேயே மறுபக்கமும் உண்டு. கலிபோர்னியாவில் கறுப்பினத் தம்பதியர் ஒருவர் 1912இல் கடற்கரையில் நிலம் வாங்கித் தம் மக்களுக்கென விடுதி நடத்தினர். பூங்கா அமைப்பதாகக் கூறி 1920களில் நகரசபை அந்நிலத்தைப் பறித்தது. பின்னர் 1948இல் அது மாநிலத்தின் கைக்கு மாறியது. புரூஸ் கடற்கரை எனப்படும் அந்நிலம் வழித்தோன்றல்களிடம் திரும்பியது 2022இல்தான். பூங்கா என்ற அழகிய சொல்லுக்குப் பின்னால் யார் வெளியேற்றப்பட்டனர் என்று கேட்பது உலகெங்கும் அவசியம் என்பதையே இது உணர்த்துகிறது.

வழி இல்லாமலும் இல்லை. அது நமது நாட்டிலேயே இருக்கிறது. கதிர்காம யாத்திரிகருக்காக ஆண்டுதோறும் உகந்தையில் வனப்பாதை குறித்த நாள்களுக்குத் திறக்கப்படுகிறது. பல்லாயிரவர் தேசியப் பூங்காவுக்குள் நடந்து, தங்கி, நீராடிச் செல்கின்றனர். சட்டம் பக்திக்கு வழிவிட்டது, நாடு நட்டமடையவில்லை. வழிபாட்டு வழக்கத்துக்கு இசையும் சட்டம் உழைப்பின் வழக்கத்துக்கு ஏன் இசையலாகாது? பருவகால வாடிகளைப் பதிவுசெய்து, எங்கே, எந்த மாதங்களில், எத்தனை என மீனவர் சங்கங்களோடு கூடித் தீர்மானிப்பது இயலாததா? எந்த வலை பறவைக்கும் குஞ்சு மீனுக்கும் கேடு, எது கேடில்லை என்பதை அம்மக்களை விட நன்கறிந்தவர் யார்? கூடாரத் தளங்கள் அமைவதாயின் அவற்றை நடத்தும் வேலையும் வருவாயும் உடுத்துறைக்கும் கட்டைக்காட்டுக்கும் சேர வேண்டாமா? அப்போதும் சம்மாட்டிகள் மட்டுமே பயனடையாதவாறு கூலித் தொழிலாளியின் பங்கு எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும். வாடியின் பழைய அநீதியைப் புதிய சட்டத்துக்குள் கொண்டுவந்து குடியேற்றுவது நமது நோக்கமாகாது.

விடுமுறையில் நண்பரோடு மணற்காட்டுக்குச் செல்லும் இளைஞருக்கு ஒரு வார்த்தை. சவுக்குத் தோப்பில் கூடாரம் அடியுங்கள், கடலைக் கேளுங்கள், விடியலில் வள்ளங்கள் கரை சேர்வதைக் காணுங்கள். புறப்படுமுன் உங்கள் கூடாரம் நின்ற இடத்தைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். உங்களுக்கு முன் அங்கே அடுப்பு மூட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் இன்று எங்கே, எந்தச் சீட்டில்லாத காரணத்தால் அங்கே இல்லை என்று விசாரித்து அறிவது, அந்தக் கரையில் ஓரிரவு விருந்துண்டவரின் கடமை.